கமருன்னிஸாவின் கணக்கு

சென்னை, பெண்கள் விடுதி
14-11-1971

அன்புள்ள கமரு,

இந்த வாரத்து நோட்ஸ் பதினொரு பக்கம் இத்துடன் இருக்கிறது. கார்பன் தாள் தேய்ந்துவிட்டதால் நான்காம் பக்கத்தில் எழுத்து மங்கல். அங்கே நீயாக ஊகித்துக்கொள். நோன்பு வைத்துக்கொண்டு மாடி ஜன்னலில் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே என்றால் கேட்கவா போகிறாய்?

கோபத்தோடு எழுதுகிறேன், கையெழுத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். எம்.எஸ்.சி. இரண்டாம் ஆண்டுக்கு அட்வான்ஸ்டு குவாண்டம் மெக்கானிக்ஸ் தனித் தாள் என்று சொன்னேன் அல்லவா? வகுப்பில் பதினான்கு பேர். வியாழக்கிழமை நான் கையைத் தூக்கினேன். இரண்டு எலெக்ட்ரான்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து அறியவே முடியாது என்கிறோம், பிறகு ஏன் ஒன்று, இரண்டு என்று எண் போடுகிறோம் என்று கேட்டேன். புரொஃபசர் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"இந்தச் சந்தேகமெல்லாம் பி.எஸ்.சி.யிலேயே தீர்ந்திருக்கணும். எந்தக் காலேஜ் நீ?"

"கும்பகோணம் சார்."

"சலுகையில சீட்டு வாங்கிடலாம். மூளையை யார் குடுப்பா?"

முன் பெஞ்சு சிரித்தது. பத்து நிமிஷம் கழித்து அதே முன் பெஞ்சிலிருந்து ஒருவன் அதே கேள்வியை இங்கிலீஷில் கேட்டான். "குட் கொஸ்டின்" என்று சொல்லி அரை மணி நேரம் விளக்கினார். அந்த அரை மணியைத்தான் ஏழாம் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறேன். கேள்வி என்னுடையது, பதில் அவனுக்கு.

பக்கம் பதினொன்றில் ஒரு கணக்கு கொடுத்திருக்கிறார். இரண்டு எலெக்ட்ரான்கள் எதிரெதிரே வந்து மோதிச் சிதறுகின்றன. இரண்டுக்கும் ஸ்பின் ஒரே திசை. வந்த வழிக்குச் செங்குத்தாக, சரியாகத் தொண்ணூறு டிகிரியில், அவை சிதறும் வாய்ப்பு எவ்வளவு? நான் மூன்று பக்கம் இன்டெக்ரல் போட்டுப் பார்த்தேன். பூஜ்யம் வருகிறது. ஏன் பூஜ்யம் என்றுதான் புரியவில்லை.

இன்னொன்று. அப்பா யாரையோ விட்டுக் கார்டு எழுதியிருக்கிறார். சட்டத்தில் சொன்ன கூலியைக் கொடுத்தால்தான் தை அறுப்பில் இறங்குவோம் என்று எங்கள் தெருவில் முடிவு செய்திருக்கிறார்களாம். உன் அத்தா வெளியூர் ஆட்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார் என்பது உண்மையா? உன் வீட்டில் எனக்கு எப்போதும் தண்ணீர் கொடுத்திருக்கிறீர்கள், உள்ளே உட்கார வைத்திருக்கிறீர்கள். கூலியைப் பற்றி மட்டும் அங்கே யாரும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

செவ்வந்தி


786
வடபாதி, திருத்துறைப்பூண்டி வழி
23-11-1971

அன்புள்ள செவ்வந்தி,

பெருநாள் முடிந்து மூன்று நாளாகிறது. வீட்டில் விருந்தாட்கள் இன்னும் போகவில்லை. அடுப்படிக்கும் மாடிக்குமாக ஏறி இறங்கி இதை எழுதுகிறேன்.

உன் புரொஃபசர் மீது உனக்குக் கோபம். எனக்கு உன் மீது. அந்த வகுப்பில் எனக்கும் ஓர் இடம் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பேருக்கும் ஒரே நாளில் கடிதம் வந்தது. அத்தா என்னுடையதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "மெட்ராஸா? வேண்டாம்மா" என்றார். அவ்வளவுதான், முடிந்தது. நீ அவமானப்படுவதற்காவது அங்கே உனக்கு ஒரு பெஞ்சு இருக்கிறது. ஒவ்வொரு கடிதத்திலும் அந்தப் பெஞ்சு குத்துகிறது என்று எனக்கே எழுதாதே.

கணக்குக்கு வருகிறேன். இன்டெக்ரல் எதற்கு? வந்த வழியை ஓர் அச்சாக வைத்துக்கொண்டு மொத்தப் படத்தையும் அரை வட்டம் திருப்பு. மேலே போன எலெக்ட்ரான் கீழே வரும், கீழே போனது மேலே வரும். நாம் திருப்பியது விசைக்குத் தெரியாது, அதனால் சிதறும் வாய்ப்பைக் கொடுக்கும் வீச்சின் எண் மாறக் கூடாது. ஆனால் அப்படித் திருப்பியது இரண்டையும் இடம் மாற்றியதற்குச் சமம். ஒரே திசை ஸ்பின் உள்ள எலெக்ட்ரான்களை இடம் மாற்றினால் எண்ணின் குறி மாறியே ஆக வேண்டும். மாறவும் கூடாது, மாறவும் வேண்டும். தன் எதிர் எண்ணுக்குத் தானே சமமாக இருக்கும் எண் ஒன்றுதான், பூஜ்யம். நாலு வரியில் முடிகிற விஷயம். பெருநாளன்று இடியாப்பம் பிழிந்துகொண்டிருக்கும்போது தோன்றியது. எழுத உடனே கை கிடைக்கவில்லை.

வெளியூர் ஆட்கள் வருவது உண்மை. ஏற்பாடெல்லாம் எங்கள் மேஸ்திரி இராஜாங்கம். இன்னொரு உண்மை, எனக்குச் சித்திரையில் நிக்காஹ். பெயர் முகம்மது யூசுப், பினாங்கில் கடை. படம் காட்டினார்கள். மீசையைத் தவிர ஒன்றும் நினைவில்லை.

அடுத்த வாரத்து நோட்ஸ் தவறாமல் வேண்டும். கார்பனை மாற்று.

கமருன்னிஸா


சென்னை
20-12-1971

அன்புள்ள கமரு,

அரையாண்டுத் தேர்வில் அதே கணக்கு வந்தது! மூன்று பக்க இன்டெக்ரலை நான் தொடவே இல்லை. நீ எழுதிய நாலு வரியை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த இடத்தில் சிவப்பு மையில் பூஜ்யம். ஓரத்தில் 'என்னைப் பார்க்கவும்'.

போய் நின்றேன். அறையில் இன்னும் இரண்டு லெக்சரர்கள் இருந்தார்கள்.

"விடை முன்னாடியே தெரிஞ்சிருக்கு. ஸ்டெப்ஸ் எங்கே? யாரைப் பாத்து எழுதினே?"

"யாரையும் பாக்கலை சார்."

"இது வகுப்பில நான் சொல்லாத முறை. புஸ்தகத்திலயும் இல்லை. உனக்கு எங்கேருந்து வந்தது?"

உடம்பெல்லாம் எரிந்தது கமரு. "சொந்தமா யோசிச்சேன் சார். போர்டுல போடவா?" என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் சாக்பீஸை எடுத்துவிட்டேன். படம் போட்டேன், திருப்பினேன், குறியை மாற்றினேன். லெக்சரர் ஒருவர் எழுந்து பக்கத்தில் வந்து நின்று, "நியாயமாத்தானே இருக்கு" என்றார். புரொஃபசர் பேனாவை எடுத்துப் பூஜ்யத்தை அடித்து எட்டு மார்க் போட்டார். பத்துக்கு எட்டு! அந்த இரண்டு எதற்காகக் குறைந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

விடுதி வரைக்கும் நடந்தே வந்தேன். பஸ்ஸில் ஏறினால் யாரையாவது அடித்துவிடுவேன் போலிருந்தது.

நோட்ஸ் ஒன்பது பக்கம், புதுக் கார்பன்.

செவ்வந்தி


வடபாதி
2-1-1972

செவ்வந்திக்கு,

'சொந்தமா யோசிச்சேன் சார்.' உன் கையெழுத்தில்தான் இருக்கிறது. ஆறு தடவை படித்தேன்.

என் பெயரைச் சொல்லியிருந்தால் உனக்கு என்ன குறைந்திருக்கும்? ஊரில் எனக்கு ஒரு தோழி இருக்கிறாள், வீட்டோடு இருந்து படிக்கிறாள், அவள் சொன்னது என்று ஒரு வாக்கியம். அந்த அறையில் இருந்த மூன்று பேர் கமருன்னிஸா என்று ஒருத்தி இருப்பதைக் கேட்டிருப்பார்கள். இந்த உலகத்தில் நான் இயற்பியல் படிக்கிறேன் என்று தெரிந்தது உனக்கு மட்டும்தான். நீயும் அதை மறைத்துவிட்டாய்.

கேள்வி உன்னுடையது, பதில் அவனுக்கு என்று நவம்பரில் அழுதாயே. இப்போது நீ செய்தது என்ன?

எனக்கு நோட்ஸ் அனுப்ப வேண்டாம். அனுப்பினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

கமருன்னிஸா


வடபாதி, கீழத்தெரு
24-1-1972

கமருன்னிஸாவுக்கு,

உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் அரை மைல் இருக்காது. நான் தபாலில் எழுதுகிறேன், ஏனென்றால் உன் வீட்டு வாசலில் இனி காலை வைக்கப் போவதில்லை.

தந்தி கிடைத்து வெள்ளிக்கிழமை காலையில் வந்து இறங்கினேன். அம்மா காளியம்மாள் வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்திருந்தாள், வீட்டுக்குள் போகவில்லை. அப்பாவோடு சேர்த்து எட்டுப் பேரைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது. உன் அத்தாவின் களத்து வைக்கோல் போரைக் கொளுத்தினார்களாம். புகார் கொடுத்தவன் இராஜாங்கம், கண்ணால் பார்த்தேன் என்றும் அவனே எழுதிக் கொடுத்திருக்கிறான். வெளியூர் ஆட்களை வயலில் இறங்கவிடாமல் அப்பா அன்று காலையில் வரப்பில் உட்கார்ந்திருந்தார். அது உண்மை. நெருப்பு வைக்கக் கூடியவரா அவர்? வைக்கோலில் இரண்டு பிரி உதிர்ந்து கிடந்தால்கூட எடுத்து மாட்டுக்குப் போடுகிற மனுஷன். ஏழைகளின் ஆட்சி என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். அந்தப் போலீஸ் வேன் எங்கள் தெருவுக்கு மட்டும்தான் வழி தெரிந்து வந்தது.

உன் வீட்டுக்கு வந்தேன். உன் அத்தா வாசலுக்கு வந்தார்.

"ராவுத்தரய்யா, எங்கப்பாவ இருவது வருஷமா பாக்குறீங்க. அவரு கொளுத்துவாரா? நீங்களே சொல்லுங்க."

"நான் பாக்கலைம்மா. இராஜாங்கம் பாத்தேங்குறான்."

"அவன் சொன்னா போதுமா?"

"படிச்ச புள்ள நீ. கோர்ட்டு பாத்துக்கும்."

என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். அப்போதுதான் நிமிர்ந்து மாடியைப் பார்த்தேன். கிழக்கு ஜன்னலில் நீ நின்றாய். நான் பார்த்ததும் நகர்ந்துவிட்டாய்.

அந்த ஜன்னலிலிருந்து களம் முழுவதும் தெரியும். நானே அங்கே உட்கார்ந்து உன்னோடு படித்திருக்கிறேன். நெருப்புப் பிடித்தது அந்தித் தொழுகைக்கு மஃரிப் பாங்கு சொன்ன பிறகு என்கிறார்கள். அந்த நேரத்தில் வெளிச்சம் போகும்வரை நீ அங்கேதான் இருப்பாய். ஒரே கேள்வி கேட்கிறேன். நீ பார்த்தாயா, இல்லையா?

நான் சென்னைக்குத் திரும்புவதாக இல்லை. குவாண்டம் மெக்கானிக்ஸ் படித்து யாரை ஜாமீனில் எடுக்கப் போகிறேன்?

செவ்வந்தி


வடபாதி
29-1-1972

செவ்வந்தி,

பார்த்தேன்.

பாங்கு முடிந்து அத்தா பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். இராஜாங்கம் கையில் அரிக்கேன் விளக்கோடு களத்துக்கு வந்தான். வெளிச்சம் இருக்கும்போதே எதற்கு விளக்கு என்று நினைத்தேன், அதனால்தான் கவனித்தேன். விளக்கின் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தான். போரின் தெற்கு மூலையில் குனிந்தான். பிறகு கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு நடந்தான். தீ கூரை உயரத்துக்கு வந்த பிறகுதான் "ஐயோ, கொளுத்திட்டானுவளே" என்று கத்தினான்.

மறுநாளே அத்தாவிடம் சொன்னேன்.

"நீ ஒண்ணும் பாக்கலை" என்றார்.

"பாத்தேன்த்தா. இராஜாங்கம்தான்."

"கமரு, சித்திரையில நிக்காஹ். கோர்ட்டு வாசல்ல போய் நின்ன பொண்ண எவன் கட்டுவான்? உன் தங்கச்சிங்கள யாரு கேட்டு வருவா?"

"அவன் கொளுத்தப் போறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அத்தா தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். ஹஜ் பெருநாளுக்கு எனக்குப் புதுப் புடவை எடுத்து வந்தார். தொடவில்லை.

கேட்டாய், சொல்லிவிட்டேன். ஆனால் கோர்ட்டில் சொல் என்று நீ கேட்பதற்குள் நான் ஒன்று கேட்கிறேன். மூன்று வாத்தியார்களுக்கு முன்னால் என் பெயரைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. அங்கே உனக்குப் போயிருக்கக் கூடியது எட்டு மார்க். நான் ஊருக்கு முன்னால், என்னைப் பெற்றவருக்கு எதிராகப் பேச வேண்டும். எந்த முகத்தோடு கேட்பாய்?

சென்னைக்குப் போகமாட்டேன் என்று மட்டும் எழுதாதே. எனக்குக் கிடைக்காத பெஞ்சை நீ வேண்டாம் என்று தூக்கி எறிந்தால், உன் அப்பா கேஸ் எப்படிப் போனாலும் உன்னை மன்னிக்க மாட்டேன்.

கமருன்னிஸா


சென்னை
18-2-1972

கமரு,

திருச்சி ஜெயிலில் அப்பாவைப் பார்த்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "பரிச்சை எப்ப?" என்றார். ஏப்ரலில் என்றேன். "எழுதிட்டு வா. நான் எங்கயும் ஓடிப் போயிட மாட்டேன்" என்றார். சிரிப்பு காட்டப் பார்த்தார். முன்பல் ஒன்று இல்லை. எப்படிப் போயிற்று என்று கேட்டேன், விழுந்துட்டேன் என்றார்.

திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் நான் எழுந்து நின்றேன். அறைக்குப் போகவில்லை. பதினான்கு பேரும் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னேன்.

"சார், அரையாண்டுத் தேர்வுல நான் எழுதின முறை என்னோடது இல்லை. கமருன்னிஸான்னு என் தோழி. கும்பகோணத்துல என்னோட படிச்சவங்க. இங்க அவங்களுக்கும் சீட்டு கிடைச்சுது, வீட்டுல அனுப்பலை. என் நோட்ஸைப் படிச்சுட்டு அவங்க கடிதத்துல எழுதினாங்க. அன்னிக்கு நான் பொய் சொன்னேன்."

"அதாவது காப்பி அடிச்சதை ஒத்துக்கறே."

"தேர்வுல யாரையும் பாக்கலை சார். முன்னாடி படிச்சதை எழுதினேன். எல்லாரும் அதைத்தானே செய்யறாங்க?"

எட்டு மார்க்கை அடித்து மறுபடியும் பூஜ்யம் போட்டார். பொய் சொன்னதற்காக ஓர் எச்சரிக்கைக் கடிதமும் துறைத் தலைவரிடமிருந்து வந்தது. அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். கடைசியில் அவர் கேட்டார், "அந்தப் பொண்ணுக்கு இதெல்லாம் புரியுதா என்ன?" என்று. அடுப்படியில் இருந்துகொண்டு நீ யோசித்ததை அவர் முப்பது வருஷமாக யோசிக்கவில்லை, அதைச் சொல்லாமல் விழுங்கிவிட்டு உட்கார்ந்தேன். நெஞ்சில் இன்னும் நிற்கிறது.

நான் செய்தது தப்பு கமரு. அவர் என்னை நம்ப மாட்டார் என்ற கோபத்தில், நம்ப வைப்பது ஒன்றே பெரிதாகிவிட்டது. அந்த நேரத்தில் நீ எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. அதுதான் தப்பிலும் பெரிய தப்பு.

கோர்ட்டைப் பற்றி இனி உன்னிடம் கேட்க மாட்டேன். என் வாயால் கேட்க மாட்டேன். எங்கள் வக்கீல் நடராசன், மார்ச் பதினாறில் மாஜிஸ்திரேட் முன்னால் வாய்தா என்றார். தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

செவ்வந்தி


அதிராம்பட்டினம், மாமி வீடு
20-3-1972

செவ்வந்தி,

மேலே முகவரியைப் பார்த்ததும் உனக்குத் தெரிந்திருக்கும். போனேன்.

பதினாறாம் தேதி காலையில் அத்தா அரிசி மில்லுக்குப் போன பிறகு கிளம்பினேன். வாசலில் அம்மா நின்றிருந்தார். தடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரும் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தார்.

"வாடி, நானும் வர்றேன். நீ மட்டும் போனா ஒரு பேச்சு, ரெண்டு பேரும் போனா ரெண்டு பேச்சு. பேசிட்டுப் போறானுவ."

என் அம்மா ஜன்னத் பீவி கல்யாணமாகி வந்த பிறகு அந்த ஊரில் பஸ் ஏறியது அன்றைக்குத்தான் முதல் தடவை.

நடராசன் வக்கீல் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். மாஜிஸ்திரேட்டிடம் எதையோ சொல்லி அனுமதி வாங்கினார். கூண்டில் ஏறினேன். எதிர்ப்பக்கம் நின்றவர் எடுத்த எடுப்பிலேயே, "பொழுது சாயுற நேரத்துல வயசுப் பொண்ணுக்கு ஜன்னல்ல என்ன வேலை?" என்றார்.

"படிச்சிட்டிருந்தேன்."

"என்ன படிப்பு? கதைப் புஸ்தகமா?"

"குவாண்டம் மெக்கானிக்ஸ்."

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட் மட்டும் சிரிக்கவில்லை, எப்படி எழுதுவது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

"படிப்பு நெனப்புல வேற யாரையாவது பாத்துட்டு இராஜாங்கம்னு சொல்றீங்க."

"அவருக்கு இடது கால் இழுக்கும். கொளுத்திட்டுத் திரும்பி நடக்கும்போதும் இழுத்துச்சு."

பின்னால் உட்கார்ந்திருந்த இராஜாங்கம் காலை மடக்கிக்கொண்டான். அதை எல்லோரும் பார்த்தார்கள்.

"இது உங்க அத்தாவோட களம். அவருக்கு விரோதமா யாரு உங்களைப் பேசச் சொன்னா?"

"பேச வேணாம்னுதான் எல்லாரும் சொன்னாங்க."

இறங்கி வரும்போது உன் அப்பாவைப் பார்த்தேன். கையில் விலங்கு. எனக்கு நன்றி சொல்வார் என்று நினைத்தேன். வக்கீலைப் பார்த்து, "படிக்கிற புள்ளைய ஏன்யா இங்கெல்லாம் இழுக்குறீங்க?" என்று சத்தம் போட்டார். அதைக் கேட்டுத்தான் எனக்கு அழுகை வந்தது.

எட்டுப் பேருக்கும் அன்றே ஜாமீன் கிடைத்துவிட்டது. அத்தா கத்தவில்லை, அடிக்கவில்லை. மாடி அறையைப் பூட்டினார். மறுநாள் காலையில் என்னை இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு, என் பக்கம் திரும்பாமல் போய்விட்டார். யூசுப் வீட்டார் சம்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் என்னை எந்தக் குற்றத்துக்காகக் கழித்தார்கள் என்று பார். பொய் சொல்லியிருந்தால் நல்ல மருமகள்.

உன் கடிதம் வந்ததால்தான் போனேன் என்று நினைத்து மகிழ்ந்துவிடாதே. நீ சொன்னதற்காகப் போகவில்லை. உன் அப்பாவுக்காகவும் முழுசாக இல்லை. அந்த அரிக்கேன் கண்ணாடி கண்ணை விட்டுப் போகவில்லை, அதனால் போனேன்.

நோட்ஸ் அனுப்பு. மூன்று மாதம் விட்டுப்போயிருக்கிறது.

கமருன்னிஸா


வடபாதி, கீழத்தெரு
30-5-1972

அன்புள்ள கமரு,

கேஸ் தள்ளுபடியாகிவிட்டது. இராஜாங்கத்தின் மீது யாரும் வழக்குப் போடவில்லை. அவன் ஆற்றுக்கு அக்கரையில் வேறொரு மிராசுதாரரிடம் மேஸ்திரியாகச் சேர்ந்துவிட்டான், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நெல்லுக்குக் காவல் நிற்கிறான். அப்பாவையும் மற்ற ஏழு பேரையும் குறுவை வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. தினமும் காலையில் மண்வெட்டியோடு மதகடியில் போய் உட்கார்ந்துவிட்டு, வெயில் ஏறியதும் எட்டுப் பேரும் திரும்பி வருகிறார்கள். அம்மா திருத்துறைப்பூண்டிப் பக்கம் நடவுக்குப் போகிறாள். அங்கே சட்டக் கூலி கொடுக்கிறார்கள். இங்கே இன்னும் இல்லை. விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் மறுபடியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

தேர்வு முடிவு வந்தது. மொத்தத்தில் இரண்டாம் வகுப்பு. குவாண்டம் மெக்கானிக்ஸ் தாளைத் திருத்தியவர் வெளியூர்க்காரர், என் பெயரும் தெரியாது, தெருவும் தெரியாது. அந்தத் தாளில் வகுப்பிலேயே நான்தான் முதல். புரொஃபசர் வராந்தாவில் பார்த்து, "லக்" என்றார். "இல்லை சார்" என்றேன். இந்தத் தடவை விழுங்கவில்லை. அந்த எச்சரிக்கைக் கடிதத்தை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். செய்வார்களா, தெரியாது. விடமாட்டேன்.

ஜூலையிலிருந்து அங்கேயே டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை கிடைத்திருக்கிறது. இத்துடன் எம்.எஸ்.சி. விண்ணப்பப் படிவம் ஒன்று. கடைசி நாள் ஜூன் இருபது. நிரப்பு என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னால் சண்டைக்கு வருவாய். படிவம் மட்டும் அனுப்புகிறேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் பொண்ணு சோறு தண்ணி ஒழுங்கா சாப்புடுதான்னு கேளு" என்கிறார். கேட்டுவிட்டேன்.

உன் செவ்வந்தி


786
அதிராம்பட்டினம்
12-6-1972

அன்புள்ள செவ்வந்தி,

சாப்பிடுகிறேன் என்று உன் அப்பாவிடம் சொல். மாமி வீட்டு மீன் குழம்பில் புளி அதிகம், மற்றபடி குறையில்லை.

எச்சரிக்கைக் கடிதத்தை நீ விடக் கூடாது. அவர்கள் ரத்து செய்யாவிட்டால் நான் வந்த பிறகு இரண்டு பேருமாகப் போய்க் கேட்போம். 'லக்' என்றாராமே! அதைப் படித்துவிட்டு மாமி வீட்டுக் கதவை ஓங்கிச் சாத்தினேன், குழந்தை எழுந்துவிட்டது. மூன்று மாத நோட்ஸையும் படித்து முடித்தாயிற்று. மார்ச் நோட்ஸ் ஆறாம் பக்கத்தில் ஒரு குறியைத் தப்பாக எழுதியிருக்கிறாய், அதற்கப்புறம் இரண்டு பக்கமும் தப்பு. உன் புரொஃபசர் தப்பாகப் போட்டாரா, நீ தப்பாக எழுதினாயா?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அத்தா வந்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு. இளைத்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார்.

"வீட்டுக்கு வாம்மா" என்றார்.

"வீரையன் மாமாவ வேலைக்குக் கூப்புட்டீங்களா?"

உன் அப்பா பெயரைக் கேட்டதும் தம்ளரைக் கீழே வைத்தார்.

"மாடி ரூம் தெறந்திருக்கா?"

"அதெல்லாம் தெறக்கலாம். கூத்தாநல்லூர்ல ஒரு இடம் வந்திருக்கு, அதைப் பேசி முடிச்சுட்டு..."

நான் உள்ளே போய் நீ அனுப்பிய படிவத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். எல்லாம் நிரப்பியிருந்தேன், பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து என்ற இடம் மட்டும் பாக்கி. அத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். அந்த இடத்துக்கு வந்ததும் கை நின்றது. நான் கெஞ்சவில்லை. பிறகு மூடியைப் போட்டுப் பேனாவைப் படிவத்தின் மேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். மறந்து வைத்தாரா, எனக்காக வைத்துவிட்டுப் போனாரா, தெரியவில்லை. இப்போதைக்கு அதை யோசித்து அவரை மன்னிக்க எனக்கு மனமில்லை.

அதே பேனாவால்தான் முடித்தேன். பாதுகாவலர் பெயர் என்ற இடத்தில் 'கமருன்னிஸா, வயது இருபத்திரண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே, 'விண்ணப்பதாரருக்கு என்ன உறவு' என்று ஒரு வரி கேட்டிருந்தார்கள். 'வேறு ஆள் தேவையில்லை' என்று எழுதி, இன்று காலையில் ரிஜிஸ்டர் தபாலில் சேர்த்துவிட்டேன்.

கமருன்னிஸா